தாமரைக்கு நான் எழுதிய முடிவு

அத்தியாயம் 9

வாடிப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ‘போன வாரம் படித்துக்கொண்டே அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்துவிட்டது. நீங்கள் செய்ததை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை அம்மா. ஆனாலும் அடுத்த வாரமும் படிப்பேன்.’

பொறுத்துக்கொள்ள வேண்டாம். படித்தால் போதும்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் வெங்கடரமணன் மதுரை ரயில் நிலையத்தில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. இருபத்தாறு வருஷம் சிறுவர் இதழ்களில் கதை எழுதினார். குடை பிடித்த காக்கை, பல் தேய்க்க மறுத்த முதலை, இப்படித்தான். ஒரு தடவை இரும்புப் பெட்டி ஒன்று சரிந்து வலது கை விரல்கள் நசுங்கிவிட்டன. அதற்குப் பிறகு அவருடைய எழுத்து அவரையும் என்னையும் தவிர யாருக்கும் புரியாது. அவர் பழைய பார்சல் படிவங்களின் பின்பக்கத்தில் கிறுக்கித் தருவார். நான் கோடு போட்ட தாளில் பிரதி எடுத்து, உறையில் போட்டு, தபாலில் சேர்ப்பேன். கிறுக்கல் தாள் வெந்நீர் அடுப்புக்குப் போகும். நான் எடுத்த பிரதியை அவர் ஒருநாளும் வாங்கிப் பார்த்ததில்லை.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் காவ்யஸ்ரீ. இளையதற்கு பாலகணேஷ் என்று பெயர் வைத்தோம். பதினேழு வயதில், ‘நான் பொண்ணும்மா’ என்று சொன்னவள், நான் திருப்பிச் சொன்னதைக் கேட்டு வீட்டைவிட்டுப் போனாள். அப்போதெல்லாம் நான் ‘அவன்’ என்றுதான் சொல்லுவேன். இப்போது எழுதும்போது அவள் என்றே எழுதுகிறேன்.

அவள் போன மூன்றாம் வருஷம் அவர் ஒரு தொடர் எழுத ஆரம்பித்தார். பன்னிரண்டு வாரம். அதில் காக்கையும் இல்லை, முதலையும் இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு குழந்தை. வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் மாரிமுத்து. ஆனால் டீச்சர் ‘மாரிமுத்து’ என்று கூப்பிட்டால் அது வாய் திறக்காது. தன் பெயர் தாமரை என்கிறது. தினமும் ஆப்சென்ட் விழுகிறது. பிள்ளை முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது.

“இதையெல்லாம் போயி பிள்ளைங்களுக்கு எழுதுவாங்களா?” என்று கேட்டேன்.

“பெரியவங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஆயுசு பத்தாது, கனகு. பிள்ளைங்கன்னா கேட்டுக்கும்” என்றார்.

ஒன்பதாம் வாரம் சிவகாசியிலிருந்து ஒரு மாணவி கார்டு போட்டிருந்தாள். ‘தாமரையை எப்போது உள்ளேன் டீச்சர் சொல்ல விடுவீர்கள்?’ அந்தக் கார்டை அவர் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

அதே வாரம்தான் எங்கள் சமூகத்துக் கல்யாண வீடு ஒன்றில் ஓர் அம்மாள் என்னிடம் குனிந்து, “இது உங்க வீட்டுக் கதைதானே?” என்று கேட்டாள். காவ்யாவுக்கு அப்போதுதான் வரன் அமைந்திருந்தது. மாப்பிள்ளை ராஜகுரு. அவருடைய அப்பா, பேரப்பிள்ளைகளுக்கு இவர் கதையைத்தான் படித்துக் காட்டுவார்.

பன்னிரண்டாம் வாரத்தைப் பிரதி எடுக்கும்போது நான் முடிவை மாற்றிவிட்டேன். ஒரு டாக்டர் வருகிறார், எல்லாம் காய்ச்சல் பிதற்றல் என்கிறார், டானிக் கொடுக்கிறார், காய்ச்சல் விடுகிறது. மறுநாள் டீச்சர் ‘மாரிமுத்து’ என்கிறார். ‘உள்ளேன் டீச்சர்!’ என்று உரக்கச் சொல்கிறான். வகுப்பே கை தட்டுகிறது. மொத்தம் பதினோரு வரி. தபாலில் போட்டுவிட்டு வந்து அவருடைய தாளை அடுப்பில் வைத்தேன்.

போன வாரம் இத்தோடு நிறுத்தினேன். இப்போது அந்த இதழ் வெளிவந்த வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்து இரண்டு, ஆவணி மாதம். நாங்கள் வில்லாபுரத்தில் இருந்தோம். வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிரம். உங்களுக்காக மதுரைத் தமிழில் எழுதுகிறேன்.

*

அன்று அவர் லீவு போட்டிருந்தார். விடிந்ததும் குளித்து, தீபாவளிக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“கனகு, இன்னிக்கு மதியம் ஒரு ஆளுக்குச் சேத்து உலை வை.”

“யாரு வாராங்க?”

“வந்தாத் தெரியும்.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?”

“அவங்களுக்குன்னா சட்டை மட்டும் போதுமா? ஷேவிங்கும் பண்ணியிருக்க மாட்டேனா?” என்று தாடையைத் தடவிச் சிரித்தார். அப்புறம் நிஜமாகவே முடிவெட்டும் கடைக்குப் போய்விட்டு வந்தார். மறுபடி வெளியே போய் வாழையிலையும் கத்தரிக்காயும் வாங்கி வந்தார். மனுஷருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

பத்தரை மணிக்கு, “போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வாரேன். போஸ்ட்மேன் முத்திருளன் இங்க வந்து சேர ஒரு மணி ஆக்கிருவாரு” என்று செருப்பை மாட்டினார்.

இதழ் கடைகளில் காலையிலேயே வந்துவிடும். ஆனால் தன் எழுத்தைத் தானே காசு கொடுத்து வாங்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். எழுத்தாளருக்கு அனுப்பும் பிரதி தபாலில்தான் வரும். அதற்காகத்தான் போனார்.

நான் ஓர் ஆளுக்குச் சேர்த்து உலை வைத்தேன். பயம் ஒன்றும் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பதில் தயாராக வைத்திருந்தேன். ‘எடிட்டர் மாத்தியிருப்பாரு’ என்று சொல்லிவிடலாம். ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மூன்றாம் நாள் இன்னொரு முதலையைப் பிடித்துக்கொள்வார் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

புளியோதரைக்கு நல்லெண்ணெய் எடுக்க அலமாரியைத் திறந்தேன். மேல்தட்டில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல்.

“காவ்யா! உங்க அப்பா வளையல் வாங்கி வச்சிருக்காரு பாரு. நிச்சயதார்த்தத்துக்கு இப்பவே என்ன அவசரம்?”

காவ்யா வந்து பார்த்தாள். ஒரு வளையலை எடுத்துக் கையில் போட்டாள். அது முழங்கை வரைக்கும் ஓடியது.

“இது எனக்கில்லம்மா. என் கைக்கு ரெண்டு நாலு. இது ரெண்டு எட்டு.”

“பின்ன யாருக்கு?”

அவள் வளையலைக் கழற்றி, பொட்டலத்தை முன்பு இருந்தபடியே மடித்தாள்.

“இந்துவுக்கு.”

“எந்த இந்து?”

“இந்துப்ரியா. அது இப்ப அந்தப் பேருலதான் இருக்கு. பழங்காநத்தத்துல ஜாக்கெட் தைக்குது. நான் மாசம் ரெண்டு வாட்டி போய்ப் பாக்கிறேன். அப்பாவுக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியாதா?”

“நீ கேக்கவே இல்லையேம்மா.”

நான் நல்லெண்ணெய்ச் சீசாவை எடுத்துக் கீழே வைத்தேன்.

“அந்தக் கதையே அதுக்காகத்தான் எழுதினாரு. அது போறப்ப தடுக்காம இருந்துட்டு, நேர்ல போயி நிக்க அவருக்கு மூஞ்சியில்ல. ‘வாராவாரம் வாங்கிப் படிக்கச் சொல்லு. பன்னெண்டாவது வாரம் படிச்சதும் அதுக்கு வீட்டுக்கு வரணும்னு தோணுச்சுன்னா, அன்னிக்கு மதியமே சாப்பிட வரச் சொல்லு. நான் வாய் விட்டு மன்னிப்புக் கேக்க மாட்டேன். கதையில கேட்டிருக்கேன்’னு சொல்லி அனுப்புனாரு. அதுவும் சரின்னுச்சு. புதுச் சேலைகூட எடுத்துருச்சு.”

“மாப்பிள்ளை வீட்டுல…” என்று இழுத்தேன். என் வாயில் முதலில் வந்தது அதுதான்.

“அவருகிட்ட நான் போன மாசமே சொல்லிட்டேன். ‘தங்கச்சியை மறக்காம நிச்சயத்துக்குக் கூப்பிடு, இல்லேன்னா வரிசைத் தட்டு யாரு தூக்குறது’ன்னு கேட்டாரு.”

யாருக்காக அந்தப் பதினோரு வரியை எழுதினேனோ, அவர்களுக்கு அது தேவையே இல்லை.

“மணி என்னடி?”

“பதினொண்ணு. ஏம்மா இப்படி வேர்க்குது உனக்கு?”

“அவன் அதை வாங்கியிருப்பானா?”

“காலையிலேயே பஸ் ஸ்டாண்டு கடையில வாங்கியிருக்கும். ஏம்மா?”

“விலாசம் சொல்லு” என்றேன்.

*

மெயின் ரோட்டில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவர் பெயர் மலையாண்டி என்று கண்ணாடிக்கு மேலே எழுதியிருந்தது. தெருவின் பெயரைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார்.

“அந்தத் தெருவுலயா? அங்க உங்களுக்கு என்னம்மா சோலி?”

“ஜாக்கெட் தைக்கக் குடுத்திருக்கேன்.”

“அதானே பாத்தேன். அவுக தையல் நல்லாருக்கும்னுதான் சொல்றாக. என் வீட்டுக்காரியும் ஒருவாட்டி குடுத்தா. ஆனா தெருமுனையிலேயே எறங்கிக்கிட்டா. யாரும் பாத்துட்டா கேவலமாம்.” சிரித்தார். “நீங்க எப்படி, உள்ள வரைக்கும் விடவா?”

“முனையிலேயே நிறுத்திருங்க அண்ணே” என்றேன்.

அவர் மறுபடி சிரித்தார். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

அது மாடி வீடு. படிக்குக் கீழே ஒரு பெண்மணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம். நெற்றியில் அகலமான குங்குமம். பாண்டிச்செல்வி என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அந்த வீட்டில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் அவர்தான் அம்மா.

“யாரைப் பாக்கணும்?”

“பாலகணேஷ்.”

“அப்படி யாரும் இங்க இல்லையே.” முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். “வேற பேரு இருந்தாச் சொல்லுங்க.”

“என் பிள்ளை. மூணு வருஷத்துக்கு முன்னாடி…”

“இங்க இருக்கிற எல்லாமே யாரு பெத்த பிள்ளையோதான். பேரைச் சொன்னாத்தான் கூப்பிட முடியும்.”

அவருக்கு நான் யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. என் மூக்கு அப்படியே மாடியில் இருக்கிறதாம். இதைப் பல வருஷம் கழித்து அவரே சொல்லிச் சிரித்தார். அன்று சிரிக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு காத்திருந்தார். நான் பன்னிரண்டு வாரம் என் கையால் பிரதி எடுத்த கதையில் அந்த டீச்சர் நின்ற இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இந்துப்ரியா” என்றேன்.

“சத்தமாச் சொல்லுங்க. மெஷின் ஓடுற எடம்.”

“இந்துப்ரியா!”

மேலே தையல் மெஷின் ஓடவில்லை. அவள் படியின் திருப்பத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். மாம்பழக் கலரில் சுங்குடிச் சேலை. தலையில் பூ. மடித்த இதழ் கையில். மூன்று வருஷத்தில் மெலிந்திருந்தாள். கண்ணுக்கு மை தீட்டி, அது கரைந்து, அதைத் துடைத்தும் இருந்தாள்.

“அம்மா” என்றாள்.

நான் வந்த வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. ‘அந்த முடிவு அப்பா எழுதினதில்ல, நான் மாத்தினது.’ அவ்வளவுதான். ஆறு சொல்.

“கடைசியில டாக்டர் டானிக் குடுக்கிறாரும்மா” என்றாள். சிரிக்கப் பார்த்தாள். “நான் மூணு தடவை படிச்சேன். நடுவுல பக்கம் எதுவும் ஒட்டிக்கிட்டிருக்கோன்னு பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தேன்.”

பாண்டிச்செல்வி முறத்தைக் கீழே வைத்தார். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து கதவோரம் நின்றார்கள். வாராவாரம் இவள் அந்தக் கதையை அவர்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். ‘தாமரை’ எழுந்து நிற்கிற வாரத்துக்காக நான்கு பேரும் காத்திருந்திருக்கிறார்கள்.

“நீங்களே சொல்லுங்க. இது அப்பா எழுதினதுதானா?”

நான்கு முகமும் என்னைப் பார்த்தன.

மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிற பிள்ளை. அது ‘அம்மா’ என்று கூப்பிட்டு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ‘நான்தான்’ என்று சொன்னால் அந்த ‘அம்மா’ நின்றுவிடும். இதைத் தவிர எனக்கு வேறு காரணம் இல்லை. இதைக் காரணம் என்று எழுதக்கூடக் கை கூசுகிறது.

“அவரு எழுதினதுதான்” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“எனக்குத் தெரியும். பதினோரு வாரம் அவருக்கு மனசு இருந்துச்சு. பன்னெண்டாவது வாரம் ஊரு ஞாபகம் வந்துருச்சு.” இதழை இன்னும் சின்னதாக மடித்தாள். “நான் வரலேன்னு சொல்லிருங்கம்மா.”

“ஒரு வாய் வந்து சாப்பிட்டுட்டு…”

“மாரிமுத்துவுக்குத்தானே எலை போட்டிருப்பாரு. நான் எப்படி உக்கார்றது?”

பாண்டிச்செல்வி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “குடிங்க. வெயில்ல வந்திருக்கீக. எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீகல்ல?”

குடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போது இந்துப்ரியா என் கையைப் பிடித்தாள். விரலில் ஊசி குத்தின தழும்புகள். சின்ன வயதில் ஜுரம் வந்தால் பிடித்துக்கொள்கிற மாதிரியே, கட்டை விரலை மட்டும் பிடித்தாள்.

“நீங்க திட்டுவீங்கன்னுதான் நெனச்சிருந்தேன். அப்பா வருவாரு, நீங்க வர மாட்டீங்கன்னு. கடைசியில பாருங்க, நீங்கதான் தேடி வந்திருக்கீங்க. என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டீங்க. நீங்களாவது வந்தீங்களே அம்மா.”

கதவோரம் நின்றவர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் அந்தக் கையை உதறவில்லை. எனக்கு வரவேண்டாத ஒன்று என்று தெரிந்தும் வைத்துக்கொண்டேன். கிளம்பும்போது அவள் என் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்றரை. அவர் கூடத்தில் பாய் மேல் உட்கார்ந்திருந்தார். இதழ் மடியில் விரித்துக் கிடந்தது. கடைசிப் பக்கம்.

காவ்யா ஓடி வந்தாள். “பாத்தியா? வருதா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வீடு பூட்டியிருந்துச்சு” என்றேன்.

அன்றைக்கு நான் சொன்ன மூன்றாவது பொய் அது. முதலாவது மலையாண்டியிடம். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

“படிச்சிருக்கும்” என்றார் அவர். “படிச்சிட்டு எங்கயாவது போயி உக்காந்திருக்கும் பிள்ளை.” அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்தார். அழித்துவிடலாம் என்பதுபோல. “எடிட்டர் கை வச்சிட்டாரு, கனகு. மொட்டைக் கடுதாசி வருதுன்னு போன வாரமே எழுதியிருந்தாரு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்.”

நான் அவருக்காகத் தயார் செய்து வைத்திருந்த பதில். அதை அவரே எடுத்துக்கொண்டார்.

காவ்யா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். காலையில் எனக்கு எதற்கு வேர்த்தது என்று அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்பது தெரிந்தது. நான் அடுப்படிப் பக்கம் திரும்பினேன்.

“இரு, கனகு. இங்க வா, உக்காரு.” பாயைத் தட்டிக் காட்டினார். “காவ்யா சொன்னா. விஷயம் தெரிஞ்சதும் நீ வெந்தும் வேகாம அடுப்பை அணைச்சிட்டு ஓடுனேன்னு. அம்புட்டுத் தூரம், அந்தத் தெருவுக்கு, நீயா போன. எனக்கு இந்தப் பக்கத்தைப் பாத்தப்ப வந்த வயித்தெரிச்சல்கூட அதுல பாதி அடங்கிருச்சு, தெரியுமா?”

அந்த ஒரு நாளில் இரண்டு பேர் எனக்கு நன்றி சொல்லிவிட்டார்கள்.

அவர் மனசுக்குள் தன் கதையின் முடிவைச் சொல்லிப் பார்த்தார். உதடு அசைந்தது. அது என்ன என்று உங்களுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அவருடைய தாள் எரிந்துவிட்டது. அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. இப்போது அது என் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது.

டீச்சர் பதிவேட்டைத் திறக்கிறார். பேனாவை எடுத்து ஒரு பெயரை அடிக்கிறார். மேலே இன்னொன்று எழுதுகிறார். மை காயட்டும் என்று ஊதுகிறார். பிறகு ‘தாமரை’ என்கிறார். நாற்பத்திரண்டு பிள்ளைகளும் மூச்சு விடவில்லை. முதல் பெஞ்சில் பாவாடை சரசரக்கிற சத்தம். ‘உள்ளேன் டீச்சர்.’ ‘இத்தனை நாளா எங்கே போயிருந்தே?’ என்று டீச்சர் கேட்கிறார். ‘இங்கேதான் டீச்சர் இருந்தேன்.’ ‘நான்தான் பார்க்கலை’ என்கிறார் டீச்சர்.

இதைத்தான் நான் டானிக் குடிக்க வைத்தேன்.

“நாளைக்குக் காலையில நானே போறேன்” என்றார் அவர். “கதையில மன்னிப்புக் கேட்டா இப்படித்தான் நடுவுல யாராவது கை வைப்பாங்க. வாயாலேயே கேட்டுர்றேன். அது நான் எழுதினதில்ல, நான் எழுதினது இதுன்னு ஒரு வரி விடாமச் சொல்றேன்.”

“நல்லதுப்பா” என்றாள் காவ்யா. கண் என் மேலேயே இருந்தது.

“ஆனா நான் சொன்னா நம்புமா? எழுத்தாளன் எப்படி வேணும்னாலும் சமாளிப்பான்னு நெனச்சுக்கும்.” என் பக்கம் திரும்பினார். நசுங்கின விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்தார். “நீயும் வா. பிரதி எடுத்தவ நீ. என் எழுத்தைப் படிச்ச ஒரே ஆள் நீதான். ‘அப்பா இப்படித்தான் எழுதியிருந்தாரு, நான் பாத்தேன்’னு நீ ஒரு வார்த்தை சொல்லு. அம்மா சொன்னா நம்பும்.”

இந்துப்ரியா காலையில் வாசலில் எங்களைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். ‘நேத்து வந்தப்பவே அம்மா சொல்லிட்டாங்களே.’

“என்ன, வருவேல்ல?” என்றார்.

“வாரேன்” என்றேன்.